குன்றிலிருந்து இறங்கிய கோட்டை

தெற்கு இங்கிலாந்தில் சாலிஸ்பரி என்னும் நகரம் உள்ளது. அதற்கு வடக்கே ஏறக்குறைய 3 கிலோமீட்டர் தொலைவில், புல் போர்த்திய ஒரு குன்று தனியே நிற்கிறது. கோட்டையைப் பார்க்கலாம் என்று அங்கே செல்பவர்கள் முதலில் ஒரு மண் மதிலைக் கடக்கிறார்கள். பிறகு ஆழமான ஓர் அகழியின்மேல் போடப்பட்ட மரப்பாலத்தில் நடந்து உள்ளே போகிறார்கள். உள்ளே வானளாவிய கோபுரங்கள் எவையும் இல்லை. அறைகளின் அடித்தளங்கள், தாழ்ந்த சுவர்கள், இடையிடையே சற்று உயரமாக நிற்கும் சில சுவர்த் துண்டுகள். அவ்வளவுதான். அந்தச் சுவர்களும் செதுக்கிய கற்களால் அழகாக அடுக்கப்பட்டவையாகத் தெரிவதில்லை. உருவமற்ற கற்களைச் சாந்தில் குழைத்து அப்பி வைத்தாற்போல் கரடுமுரடாக இருக்கின்றன. “கோட்டை எங்கே?” என்று கேட்கத் தோன்றுவது இயல்பே.

இந்த இடத்தின் பெயர் ஓல்டு சேரம். ‘பழைய சேரம்’ என்று பொருள். பெயரைக் கேட்டவுடன் தமிழ் மாணவர்களுக்குச் சேர நாடு நினைவுக்கு வரலாம்; ஆனால், இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இடைக்கால எழுத்தர்கள் இலத்தீன் ஆவணங்களில் சாலிஸ்பரியின் பழைய பெயரை முழுமையாக எழுதாமல், முதல் சில எழுத்துகளோடு ஒரு சுருக்கக் குறியை மட்டும் போட்டார்கள். பின்னர் வந்தவர்கள் அந்தக் குறியைத் தவறாக விரித்துப் படித்ததால் ‘சேரம்’ என்ற சொல் பிறந்தது. எழுத்தரின் சோம்பலில் பிறந்த பெயர் இன்றுவரை நிலைத்துவிட்டது.

குன்றின் வரலாறு கோட்டையோடு தொடங்கவில்லை. கி.மு. 400ஆம் ஆண்டளவில், இரும்புக் காலத்தில் வாழ்ந்த மக்கள் குன்றின் உச்சியைச் சுற்றிப் பெரிய அகழியைத் தோண்டினார்கள். தோண்டிய மண்ணையே கரையாகக் குவித்து மதிலாக்கினார்கள். இன்று நாம் காணும் வெளிவட்டம் அவர்களின் உழைப்பிலிருந்து வந்ததுதான். பிறகு ரோமானியர் வந்தபோது, அவர்கள் அமைத்த சாலைகள் பல இக்குன்றின் அருகே சந்தித்தன. 1066ஆம் ஆண்டு நார்மண்டியிலிருந்து வந்து இங்கிலாந்தைக் கைப்பற்றிய மன்னர் முதலாம் வில்லியம், இந்த இடத்தின் அருமையை உடனே கண்டுகொண்டார். வெளி மதில் முன்பே இருந்தது. எனவே, வட்டத்தின் நடுவில் மேலும் ஒரு வட்ட அகழியைத் தோண்டி, மண்ணை உள்ளே உயர்த்திக் கட்டினால் போதும், கோட்டை தயார். 1070இல் தம் படையினருக்குக் கணக்குத் தீர்த்து அவர்களை அனுப்பி வைத்தது இங்கேதான். 1086ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், நாட்டின் முக்கிய நிலவுடைமையாளர்கள் எல்லாரும் இக்கோட்டைக்கு வந்து அவருக்கு விசுவாசமாக இருப்பதாகச் சத்தியம் செய்து கொடுத்தார்கள்.

கோட்டை எழுந்த சில ஆண்டுகளிலேயே ஆயரின் தலைமையிடமும் இக்குன்றுக்கு மாற்றப்பட்டது. வெளிவட்டத்துக்குள், கோட்டையின் பக்கத்திலேயே ஒரு பேராலயம் கட்டினார்கள். அதற்கு நேர்ந்த தொடக்கமே சரியில்லை. 1092இல் ஆயர் ஆஸ்மண்ட் அதை அர்ப்பணித்தார். ஐந்தே நாளில் அடித்த புயல் அதன் ஒரு பகுதியைச் சிதைத்துவிட்டது. பின்னர் ஆயரான ரோஜர் அதைப் பெரிதாக்கிக் கட்டினார். ரோஜர் வெறும் சமயத் தலைவர் அல்லர். மன்னர் முதலாம் ஹென்றியின் நிர்வாகத்தையே நடத்தியவர். கோட்டையும் அவர் பொறுப்பில் இருந்தது. அதன் உள்ளே நடுமுற்றத்தைச் சுற்றி அமைந்த ஓர் அரண்மனையை அவர் கட்டினார். இன்று உள்வட்டத்தில் காணப்படும் அறைகளில் பல அந்த அரண்மனையின் எச்சங்களே.

கோட்டையும் ஆலயமும் ஒருவர் கையில் இருந்தவரை சிக்கல் இல்லை. 1139இல் மன்னர் ஸ்டீபன் ரோஜரைக் கைது செய்து, கோட்டையைப் பறித்துக்கொண்டார். அதே ஆண்டு ரோஜர் இறந்துபோனார். அதன்பின் கோட்டை மன்னருடைய வீரர்களிடமும், ஆலயம் குருமார்களிடமும் இருந்தன. வாசல் மட்டும் பொதுவாக இருந்தது. ஓர் உறையில் இரண்டு கத்தி எப்படி இருக்கும்? ஆலயத்துக்கு வரும் மக்களைக்கூட வீரர்கள் தடுப்பதாகக் குருமார்கள் குறைபட்டார்கள். ஒருமுறை ஊர்வலமாக வெளியே சென்று திரும்பிய குருமார்களை உள்ளே விடாமல் வாசலை அடைத்துவிட்டார்கள் என்றும் சொல்லப்படுகிறது.

குருமார்களின் புகார் பட்டியலில் வீரர்கள் மட்டும் இல்லை. குன்றின்மேல் காற்று ஓயாமல் வீசியதால், ஆலயத்துக்குள் ஒருவர் பாடுவது மற்றவருக்குக் கேட்கவில்லையாம். அது சுண்ணாம்புப் பாறைக் குன்று. வெயில் நாளில் அதன் வெண்மை கண்ணைக் கூசச் செய்ததாம். கோட்டைக்குள் ஆழமான கிணறு ஒன்று இருந்தது. ஆனால், வெளியே இருந்த குருமார்கள் தண்ணீரை விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. புகார் எழுதுபவர்கள் சற்று மிகைப்படுத்துவது உலக வழக்கம். ஆனாலும், அந்தக் குன்றின்மேல் ஒரு குளிர்கால நாளைக் கழித்தவர்கள் காற்றைப் பற்றிய புகாரையாவது நம்புவார்கள்.

இறுதியில் போப்பாண்டவரின் அனுமதி கிடைத்தது. 1220ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள், குன்றின் கீழே ஆற்றங்கரைச் சமவெளியில் ஆயர் ரிச்சர்டு புவர் புதிய பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டினார். இடத்தைத் தேர்ந்தெடுத்தது பற்றி ஒரு கதை உண்டு. குன்றின்மேலிருந்து எய்த அம்பு ஒரு மான்மேல் பாய்ந்ததாம். அந்த மான் ஓடி ஓடிப் போய் விழுந்த இடத்தில்தான் புதிய ஆலயம் எழுந்ததாம். கதை எப்படியோ போகட்டும். 1226இல் ஆஸ்மண்ட், ரோஜர் ஆகிய பழைய ஆயர்களின் எலும்புகள்கூடக் கீழே கொண்டு செல்லப்பட்டன. ஆலயம் போன இடத்துக்கு மக்களும் போனார்கள். வணிகர்களும் கைவினைஞர்களும் மூட்டை கட்டினார்கள். அடுத்த ஆண்டிலேயே புதிய சாலிஸ்பரி நகரம் அரச சாசனம் பெற்றது. மேலே கோட்டையும், இடம்பெயராத சிலரும் மட்டுமே எஞ்சினார்கள்.

மக்கள் கிளம்பியதால் மட்டும் ஓர் இடம் சிதைந்துவிடாது. கற்கள் கிளம்பும்போதுதான் உண்மையான சிதைவு தொடங்குகிறது. 1331ஆம் ஆண்டு மன்னர் மூன்றாம் எட்வர்டு ஓர் அனுமதியை வழங்கினார். கைவிடப்பட்ட பழைய பேராலயத்தின் கற்களை எடுத்துச் சென்று, புதிய பேராலய வளாகத்தைச் சுற்றி மதில் கட்டிக்கொள்ளலாம் என்பதே அது. செதுக்கிய கல் விலை உயர்ந்த பொருள். கற்சுரங்கத்தில் வெட்டி, மாட்டு வண்டியில் ஏற்றி, தொலைவிலிருந்து கொண்டுவர வேண்டும். ஏற்கெனவே வெட்டிச் செதுக்கிய கல் 3 கிலோமீட்டர் தொலைவில், அதுவும் மேட்டின்மேல் இருக்கிறது. வண்டி இறக்கத்தில்தான் வர வேண்டும். எந்தக் கட்டடக்காரர் வேண்டாம் என்பார்?

கோட்டைச் சுவர்கள் இன்று ஏன் அவ்வளவு கரடுமுரடாகத் தெரிகின்றன என்பதற்கும் இங்கேதான் விடை இருக்கிறது. இடைக்காலச் சுவர் ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் மூன்று அடுக்குகள் தெரியும். வெளிப்புறம் செதுக்கிய கல் ஓர் அடுக்கு. உட்புறமும் அப்படியே ஓர் அடுக்கு. இரண்டுக்கும் நடுவில் சிக்கிமுக்கிக் கற்களையும் உடைந்த கற்களையும் சுண்ணாம்புச் சாந்தோடு கலந்து கொட்டி நிரப்பியிருப்பார்கள். சிக்கிமுக்கிக் கல் அந்தச் சுண்ணாம்புப் பாறைப் பகுதியில் எங்கும் கிடைப்பது; அதற்கு விலை இல்லை. எனவே, கல் எடுக்க வந்தவர்கள் இரு பக்கத்துச் செதுக்குக் கற்களையும் உரித்துக்கொண்டு, நடுவில் இருந்த கலவையை அப்படியே விட்டுவிட்டார்கள். பலாப்பழத்தில் சுளையை எடுத்துக்கொண்டு சக்கையை விட்டுச் செல்வதுபோல. நாம் இன்று பார்ப்பது கோட்டையின் முகத்தை அன்று. முகம் போனபின் வெளியே தெரியும் உட்பகுதியை.

மழையும் பனியும் மிச்ச வேலையைச் செய்தன. தோல் உரிந்த சுவருக்குள் நீர் இறங்கும். குளிர்காலத்தில் அந்த நீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது விரிவடையும். விரிவடைந்தால் சாந்து விரிசல் விடும். ஆண்டுதோறும் இது நடந்தால், எவ்வளவு தடித்த சுவரும் தளர்ந்து சரியும். ஆனால், அகழியையும் மண் மதிலையும் யாரும் வண்டியில் ஏற்றிச் செல்ல முடியாது. அவற்றின்மேல் புல் முளைத்து, வேர் மண்ணைக் கட்டிப் பிடித்துக்கொண்டது. அதனால்தான் 2,400 ஆண்டுகள் பழைய மண்வேலை இன்றும் கம்பீரமாக இருக்க, அதற்குப் பின் ஏறத்தாழ 1,500 ஆண்டுகள் கழித்து எழுந்த கல்வேலை தரைமட்டமாகிவிட்டது.

கோட்டையின் முறையும் வந்தது. பயன்பாடு குறைந்து, பழுதுபார்ப்பும் நின்று, அது பல காலம் வெறுமையாகக் கிடந்தது. 1514இல் மன்னர் எட்டாம் ஹென்றி, கோட்டையின் கற்களை எடுத்துக்கொள்ளும் உரிமையைத் தாமஸ் காம்ப்டன் என்பவருக்கு வழங்கினார். வில்லியமின் முன்னால் பெருமக்கள் மண்டியிட்ட கோட்டை, இப்போது கல் சுரங்கமாகிவிட்டது. ஏறக்குறைய 1540இல் நாடெங்கும் பயணம் செய்து குறிப்புகள் எழுதிய ஜான் லீலண்ட் இங்கு வந்தபோது, குடியிருப்பவர் ஒருவரையும் காணவில்லை.

ஆள் இல்லை, வீடு இல்லை. ஆனால், ஒன்று மட்டும் குன்றை விட்டு இறங்கவே இல்லை. அதுதான் நாடாளுமன்ற உரிமை.

ஓல்டு சேரம் ஊராக இருந்த காலத்தில் இரண்டு உறுப்பினர்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பும் உரிமையைப் பெற்றிருந்தது. ஊர் மறைந்தபின் அந்த உரிமையை யாரும் திரும்பப் பெறவில்லை. வாக்குரிமை மனிதர்களோடு ஒட்டியிருக்கவில்லை, குறிப்பிட்ட சில நிலத்துண்டுகளோடு ஒட்டியிருந்தது. யாரிடம் அந்த நிலம் இருக்கிறதோ அவரே வாக்காளர். ஆகவே, பணம் உள்ள ஒருவர் நிலத்துண்டுகளை மொத்தமாக வாங்கிவிட்டால், தேர்தல் அவர் சட்டைப்பைக்குள் வந்துவிடும். தேர்தல் நாளன்று தமக்கு வேண்டியவர்களின் பெயரில் நிலத்தை மாற்றிக் கொடுப்பார். அவர்கள் எங்கிருந்தோ வருவார்கள். வயலில் ஒரு தற்காலிகக் கொட்டகை போடப்படும். ஒரு பெரிய எல்ம் மரத்தின் அடியில் உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்படுவார்கள். கொட்டகையைப் பிரித்துக்கொண்டு எல்லாரும் போய்விடுவார்கள். அந்த மரத்துக்கு ‘நாடாளுமன்ற மரம்’ என்றே பெயர். இப்படி ஆளில்லாமல் உறுப்பினரை அனுப்பிய இடங்களை ஆங்கிலேயர்கள் ‘அழுகிய தொகுதிகள்’ என்று ஏளனம் செய்தார்கள்.

1691இல் இந்த நிலத்தை வாங்கியவருக்கும் தமிழகத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. அவர் பெயர் தாமஸ் பிட். இந்தியாவோடு வணிகம் செய்து பொருள் சேர்த்தவர். பின்னர் 1698 முதல் 1709 வரை சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தார். அங்கே இருந்தபோது மிகப் பெரிய வைரம் ஒன்றை வாங்கினார். 1717இல் பிரான்சின் ஆட்சிப் பொறுப்பாளர் அதை அவரிடமிருந்து வாங்கினார். இன்று அது பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதனால் அவருக்கு ‘வைர பிட்’ என்ற பட்டப்பெயரும் ஏற்பட்டது. வாழும் மக்கள் நிறைந்த ஒரு கோட்டையை ஆண்டவர், மக்களே இல்லாத ஒரு கோட்டையின் பேரால் நாடாளுமன்றத்திலும் இடம் வைத்திருந்தார் என்பது விசித்திரமான பொருத்தம். அவருடைய பேரன் வில்லியம் பிட் 1735இல் ஓல்டு சேரத்தின் உறுப்பினராக நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார். பிற்காலத்தில் பிரிட்டனின் பிரதமரும் ஆனார். அவருடைய அரசியல் வாழ்க்கை ஆடு மேயும் ஒரு குன்றிலிருந்து தொடங்கியது.

இதைச் சிரித்துவிட்டுக் கடந்துவிட முடியாது. அதே காலத்தில் மான்செஸ்டர் போன்ற தொழில் நகரங்கள் வளர்ந்துகொண்டிருந்தன. 1831இல் மான்செஸ்டரில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். ஆலைகளில் உழைத்த அந்த மக்களுக்கென்று நாடாளுமன்றத்தில் தனி உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. ஒரு டஜன் வாக்காளர்கூட இல்லாத ஓல்டு சேரத்துக்கு இருவர்! தேர்தல் சீர்திருத்தம் கேட்டுப் போராடியவர்கள் தங்கள் பேச்சிலும் எழுத்திலும் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டிய பெயர்களுள் ஓல்டு சேரமும் ஒன்று. நீண்ட வாதத்துக்கு அங்கே தேவையே இல்லை. அந்த வெறும் மேட்டைச் சுட்டிக்காட்டினாலே போதும். முறை எவ்வளவு பழுதடைந்தது என்பது யாருக்கும் புரிந்தது. 1832ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் ஓல்டு சேரம் உள்ளிட்ட 56 தொகுதிகளை முற்றாக நீக்கியது. மான்செஸ்டருக்கு இரண்டு இடங்கள் கிடைத்தன.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1834இல், ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் இக்குன்றை நீர்வண்ணத்தில் தீட்டினார். பரந்த வானம், புயல் மேகங்கள், அவற்றின் கீழே அமைதியான ஒரு மேடு. அந்த ஓவியத்தில் கோட்டைச் சுவர்களைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். அப்போது பெரும்பாலான சுவர்கள் சரிந்த மண்ணுக்கும் புல்லுக்கும் அடியில் மறைந்து கிடந்தன. கோட்டை, கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக முடிந்துவிட்டது என்றே பார்த்தவர்கள் எண்ணியிருப்பார்கள்.

அது முடிவு அன்று. 1882இல் பிரிட்டனில் தொன்மைச் சின்னங்களைப் பாதுகாக்கும் முதல் சட்டம் நிறைவேறியது. அதன் பட்டியலில் ஸ்டோன்ஹெஞ்சோடு ஓல்டு சேரமும் இடம்பெற்றது. கல்லை எடுத்துச் செல்ல மன்னர்கள் அனுமதி வழங்கிய இடத்தில், இனி ஒரு கல்லையும் தொடக்கூடாது என்ற நிலை வந்தது. 1909 முதல் 1915 வரை தொல்லியல் அறிஞர்கள் அங்கே அகழாய்வு செய்தார்கள். வில்லியம் செயின்ட் ஜான் ஹோப், வில்லியம் ஹாலி ஆகியோர் அப்பணியை வழிநடத்தினார்கள். வாயில், பெரிய கோபுரம், ரோஜரின் அரண்மனை, கழிவுக்குழிகள், பேராலயத்தின் அடித்தளம் என ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. முதல் உலகப் போர் அப்பணியை நிறுத்தியது. ஆக, கான்ஸ்டபிள் கண்டதைவிட அதிகமான கோட்டையை இன்று செல்லும் ஒரு பள்ளி மாணவர் காண்கிறார். எச்சங்கள் எப்போதும் குறைந்துகொண்டே போகும் என்று நினைப்பது சரியில்லை போலும்.

பேராலயம் இருந்த இடத்தில் மட்டும் சற்றுக் கவனம் தேவை. புல்தரையில் சிலுவை வடிவில் தெரியும் கோடுகளைப் பார்த்து, அவை 11ஆம் நூற்றாண்டுச் சுவர்கள் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். அகழாய்வுக்குப் பின், கட்டடத்தின் அமைப்பு பார்வையாளருக்குப் புரிய வேண்டும் என்பதற்காக அந்தக் கோடுகள் தரையில் குறித்துக் காட்டப்பட்டன. பழைய கற்களில் பெரும்பகுதி முன்பே கீழே இறங்கிவிட்டது. நாம் காண்பது ஒரு வகையில் கட்டடத்தின் வரைபடத்தை. அதுவும் கட்டடம் நின்ற இடத்திலேயே முழு அளவில் வரையப்பட்ட வரைபடத்தை.

அகழாய்வுக்கு ஒரு குறை உண்டு. ஒரு மண் அடுக்கைத் தோண்டிவிட்டால், அதை மீண்டும் பழையபடி வைக்க முடியாது. படித்த பக்கத்தைக் கிழித்துக்கொண்டே போவது போன்றது அது. அதனால்தான் இக்கால ஆய்வாளர்கள் முடிந்தவரை தோண்டாமல் பார்க்க முயல்கிறார்கள். 2014இல் சவுத்தாம்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வுக் குழுவினர், காந்தப்புல வேறுபாட்டை அளக்கும் கருவி, மண்ணின் மின்தடையை அளக்கும் கருவி, தரைக்குள் அலைகளைச் செலுத்தும் ரேடார் ஆகியவற்றைக் கொண்டு வெளிவட்டத்தை ஆராய்ந்தார்கள். புதைந்த சுவர் மண்ணைவிட வறண்டிருக்கும். அதில் மின்சாரம் எளிதாகப் பாயாது. பழைய உலை எரிந்த இடத்தில் மண்ணின் காந்தத் தன்மை மாறியிருக்கும். இத்தகைய சிறு வேறுபாடுகளைப் புள்ளி புள்ளியாகச் சேர்த்தபோது, வெறும் புல்வெளி என்று நினைத்த இடத்தின் அடியில் பெரிய கட்டடங்களும் குடியிருப்புப் பகுதிகளும் அமைந்த ஒரு நகரத்தின் வடிவம் கணினித் திரையில் தெரிந்தது. மண்வெட்டி ஒரு முறைகூடத் தரையில் படவில்லை.

குன்றின்மேல் உள்ள எச்சங்களைப் பார்த்துவிட்டுத் திரும்புபவர்கள் சாலிஸ்பரியில் இன்னோர் இடத்தையும் பார்க்கலாம். 123 மீட்டர் உயரக் கூர்ங்கோபுரம் உடைய பேராலயத்தை நிமிர்ந்து பார்க்கும் அவசரத்தில், அதன் வளாக மதிலைப் பலர் கவனிப்பதில்லை. மதிலை ஒட்டி மெதுவாக நடந்தால், வெறுமையான கற்களுக்கு இடையில் திடீரென்று ஒரு கல்லில் செதுக்கு வேலைப்பாடு கண்ணில் படும். சற்றுத் தள்ளி இன்னொன்று. மதில் கட்டியவர்கள் அவற்றை அழகுக்காக வைக்கவில்லை. கைக்குக் கிடைத்த கல்லை வைத்துக் கட்டினார்கள். காற்று இரைந்து பாட்டுச் சத்தம் கேட்காத அந்தப் பழைய ஆலயத்தின் கற்கள் அவை.